கச்சான் காற்றில் வோட்டுப் போடப் போனோம்

மகள்,

அல்லாஹ் உன்னை நல்ல சுகத்தோடு வைத்திருக்க வேண்டும். நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. அந்த வீடியோவைத்தான் பார்த்துவிட்டாயே. குவைத்தில் நீ வேலை செய்யும் வீட்டுக் குசினி அடுப்படியில் நின்றபடி, உன் மகளின் சைக்கிள் கரியரில் உன் உம்மா கண்ணை அகல விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறாய். பார்த்த கையோடு போன் எடுத்தாய். "இந்த வயசுல ஒங்களுக்கு என்னத்துக்கும்மா இந்த வேல? விழுந்து இடுப்பு ஒடஞ்சா ஆரு பாக்கிறது? ஒங்கட மொகத்தப் பாத்தீங்களா, பயந்து செத்துப் போயிருக்கீங்க" என்று என்னை ஏசினாய். பிறகு உன் மகள் ரிஸ்னாவைக் கூப்பிட்டு, "சைக்கிளப் பூட்டி வை. இனித் தொடப்படாது. வாப்பா வந்த ஒடன விக்கச் சொல்றன்" என்றாய்.

போனில் நீ கதைத்தால் நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அங்கே மேடம் கூப்பிடுவாள், நீ வைத்துவிடுவாய், நான் சொல்ல வந்தது என் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். கடிதம் அப்படியில்லை. நான் கதைத்து முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது, பிழை இருந்தால் நீயே திருத்தி வாசி. திருத்தித் தருகிறேன் என்று உன் மகள் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. இதில் முழுக்க அவளைப் பற்றித்தான் இருக்கிறது. பிள்ளையை அவள் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண்ணூறு படும்.

நீ சொன்னபடியே அவள் செய்துவிட்டாள். சைக்கிளைக் குசினிச் சுவரில் சாய்த்துப் பூட்டி, சாவியை என் கையில் தந்தாள். முன்பள்ளி ஆசிரியை வகுப்புக்குக் கல்பிட்டிக்கு இப்போது பஸ்ஸில் போகப் பார்க்கிறாள். பஸ் வந்தால் போகிறாள். வராவிட்டால் சந்தியில் நின்று நின்று திரும்பி வந்து, அபாயாவைக் கழற்றி வைத்துவிட்டுப் பானை கழுவுகிறாள். இப்படியே போனால் அந்த வகுப்பு அவள் கையை விட்டுப் போய்விடும். ஒரு சொல் முறைப்பாடு சொல்லவில்லை. சொல்லி அழுதிருந்தால் நானும் இரண்டு ஏச்சு ஏசிவிட்டு இருந்திருப்பேன். சொல்லாமல் இருப்பதுதான் என்னை எழுத வைத்தது. அந்தச் சைக்கிளை விற்க முன்னர், வோட்டு நாளில் நடந்ததை நீ முதலிலிருந்து கேட்க வேண்டும். நீ பார்த்தது வாலை மட்டும்தான்.

நாங்கள் இந்தப் புது வீட்டுக்கு வந்து எவ்வளவோ காலமாகியும் நம் வோட்டு இன்னும் பழைய ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது. தலவில கோயிலுக்குத் திரும்பும் சந்தியைத் தாண்டி, தெற்கே இன்னும் நல்ல தூரம் போக வேண்டும். பெயரை இந்தப் பக்கம் மாற்றித் தருகிறேன் என்று கிராம விதானை கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார். மாட்டேன் என்றவள் நான்தான். ஏன் என்று நீயும் கேட்டிருக்கிறாய். உன் வாப்பாவை அடக்கிய ஊர் அது என்று சொல்லிச் சமாளித்தேன். அதுவும் உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை.

முழுதையும் இப்போது சொல்கிறேன், சிரிக்காதே. சின்ன வயதில் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். காலையில் சேர் பெயர் இடாப்பைத் திறந்து என் முழுப் பெயரையும் வாசிப்பார். நான் எழுந்து "இருக்கிறேன்" என்பேன். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பெண்பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று வீட்டில் இருத்தினார்கள். அதற்குப் பிறகு என்னை அந்தப் பெயரால் கூப்பிட ஆளில்லாமல் போனது. ஒருவருக்கு மகள், ஒருவருக்குப் பெண்சாதி, உனக்கு உம்மா, ரிஸ்னாவுக்கு உம்மும்மா, தெருவுக்கு மூத்தம்மா. எல்லாம் நல்ல பெயர்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் முறை வோட்டுப் போடப் போனபோது, நான் படித்த அதே வகுப்பறையில், மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் என் முழுப் பெயரை என் வாப்பாவின் பெயரோடு சேர்த்து எல்லோருக்கும் கேட்க உரத்து வாசித்தார். நான் என்னை அறியாமல் "இருக்கிறேன்" என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. உன் வாப்பா வெளியில் வந்து, "அரசாங்கம் ஒன்னக் காணல்லண்டு தேடிச்சோ?" என்று பகிடி பண்ணினார். எனக்கு அது பகிடியாக இல்லை. அரசாங்கம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது, நான் இருக்கிறேன் என்றேன். அன்றைக்கிருந்து ஒரு வோட்டையும் நான் விட்டதில்லை.

உன் வாப்பா இருந்தவரை சைக்கிளில்தான் போவோம். உனக்கு நினைவிருக்கும், முன்னால் பாரில் நீ, பின்னால் கரியரில் நான். கச்சான் காலத்தில் தெற்கே சைக்கிள் ஓடுவது இந்தக் கரையில் எவருக்கும் லேசில்லை. கடலில் இருந்து வரும் காற்று வலப்பக்க முகத்தில் அறையும், மணல் கண்ணில் குத்தும். உன் வாப்பா ரோட்டில் நேராக ஓடமாட்டார். பாய்வள்ளம் ஓட்டுவதுபோலக் கொஞ்சம் அந்தக் கரைக்குச் சாய்வார், கொஞ்சம் இந்தக் கரைக்குச் சாய்வார். "காத்தோட மல்லுக்கு நிக்கப்படாது, தோளக் குடுத்திட்டு வழுக்கிப் போயிரணும்" என்பார். நீ பாரில் இருந்து, "வாப்பா, ரோட்டுல வள்ளம் போகுது" என்று கத்துவாய். இப்போது உன் பேச்சில் காற்றும் இல்லை, வள்ளமும் இல்லை. விழுந்துவிடுவோம் என்பது மட்டும்தான் இருக்கிறது. தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் விழுவதாகத்தான் தெரியும், அது உன் பிழையில்லை.

வாப்பா போன பிறகு நாங்கள் சம்மாட்டியாரின் வேனில் போகத் தொடங்கினோம். உன் மாப்பிள்ளை, ரிஸ்னாவின் வாப்பா, வேலை செய்வது அவருடைய போட்டில். வோட்டு நாளில் அவருடைய வேன் தெருத்தெருவாக வந்து ஆட்களை ஏற்றும். பள்ளிக்கூடத்து வளைவுக்கு முன்னாலேயே பொலிஸ் காணாத இடத்தில் இறக்கிவிடும். வேனில் ஏறியவர்கள் யாருக்குப் போட வேண்டும் என்று எவரும் வாய் திறந்து சொல்வதில்லை. சோடா ஒரு போத்தல் தருவார்கள், அவ்வளவுதான். இறங்கும்போது சம்மாட்டியாரின் ஆள் ஒருவர் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புத்தான் கணக்கு. நான் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. முழங்கால் நோவுக்கு வேன் நல்லதாக இருந்தது.

இந்த முறை வோட்டுக்கு முதல்நாள் அந்த ஆளும் வேன் ஓடும் நவ்பரும் நம் வாசல் படலைக்கு வந்தார்கள். நவ்பரை உனக்குத் தெரியும், நம் தெருவின் கடைசித் தொங்கலில் இருப்பவன், உன்னோடு ஓதப் பள்ளியில் இருந்தவன். அந்த ஆள் உள்ளே எட்டிப் பார்த்து, "இந்த வீட்டுல ரெண்டு. காலைல ஏத்திரு" என்று நவ்பரிடம் சொன்னான். எங்களிடம் சொல்லவில்லை, நவ்பரிடம் சொன்னான். உன் மகள் கிணற்றடியில் நின்றவள், ஈரக் கையோடு வந்தாள்.

"நானா, என்ன ரெண்டு? ஆடா?"

அந்த ஆள் திகைத்துவிட்டான். நவ்பர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "இல்ல தங்கச்சி, வோட்டு ரெண்டு."

"எங்கட வோட்டுக்குக் கால் இருக்கு. நாங்க சைக்கிள்ல போறோம்."

"கச்சான்லயா? மூத்தம்மாவப் பின்னுக்கு வெச்சிட்டா? களப்புத் தண்ணிக்குள்ளதான் போய்த் தேடணும்."

"நல்லம். எறால் புடிக்கிற வாடிக்குச் சம்பளமில்லாம ரெண்டாள் கெடச்ச மாதிரி" என்றாள். நவ்பர் சிரித்துக்கொண்டே போனான். அந்த ஆள் சிரிக்கவில்லை. உன் மாப்பிள்ளை கச்சானுக்குக் கிழக்குக் கரைக்குப் போய் அந்தச் சம்மாட்டியாரின் போட்டில்தானே நிற்கிறார். "என்ன புள்ள இப்படிக் கதைச்சிட்டாய்" என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "உம்மும்மா, இதுதான் நான் போடுற மொத வோட்டு. அத ஒருத்தரும் எண்ணி ஏத்தப்படாது" என்றாள்.

அடுத்த நாள் ஒரு மடத்தனம் நடந்தது, அது என்னுடையது. காலையில் எழும்பினால் காற்று ஏற்கெனவே விழித்துக்கொண்டிருந்தது. நான் கடலோடு வாழ்ந்தவளின் மூளையோடு யோசித்தேன். கச்சான் காற்று உச்சிப் பொழுதில் ஏறும், பின்னேரம் அசறுக்குப் பிறகு இறங்கும், வள்ளக்காரர் காலையில் முடியாவிட்டால் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். "காத்து விழட்டும் மகள், அசறத் தொழுதிட்டுக் கெளம்புவம்" என்றேன். சோறாக்கினேன், மீன் வெட்டினேன், பகல் லுஹர் தொழுதேன். காற்று விழவில்லை. முற்றத்தில் தென்னோலை பறந்தது. ரிஸ்னா பல தடவை வந்து என் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் என் பக்கத்தில் குந்தி மெதுவாகச் சொன்னாள், "உம்மும்மா, வோட்டு நாலு மணியோட முடியும். காத்துக்கு அது தெரியாது."

அல்லாஹ்வே என்று எழுந்தேன். இத்தனை முறை வோட்டுப் போட்டவள் நான். வேன்காரன் நேரத்துக்கு ஏற்றிப்போய் ஏற்றிப்போய், நேரம் பார்ப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வேனில் போவதில் இருக்கும் கெடுதி அது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சோடாப் போத்தலும் சிரிப்பும் பெரிய விஷயமில்லை. நம் கடிகாரத்தையும் அவர்கள் கொண்டுபோய்விடுகிறார்கள்.

கரியரில் அவள் தலையணை ஒன்றை மடித்துக் கட்டினாள். என் சாரியைச் சில்லில் சிக்காமல் சுருட்டிச் செருகினாள், தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் பின்னால் முடிந்தாள், சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல. "என்ட இடுப்பப் புடிங்க. நான் ஏசினாலும் உடாதீங்க" என்றாள். ரோட்டில் ஏறினோம். மகள், உன் மகளின் முதுகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முகத்தைப் பார்த்திருக்கிறேன், அது உன் முகம். முதுகு உன் வாப்பாவுடையது. மிதிக்கும்போது தோள்பட்டை இரண்டும் அபாயாவுக்குள் ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதல் கொஞ்சம் வெங்காயத் தோட்டங்களும் வேலிகளும் காற்றை மறித்தன. பிறகு வெளி வந்தது. வெளி வந்ததும் சைக்கிள் நின்றேவிட்டது போல இருந்தது. மணல் ரோட்டுக்குக் குறுக்கே பாம்புபோல ஊர்ந்து போனது. கழுதைகள் இரண்டு வேலியோரம் காற்றுக்குப் புட்டத்தைக் காட்டிக்கொண்டு நின்றன, அவற்றுக்கு இருந்த புத்தி எங்களுக்கு இல்லை. "இறங்கி நடக்கிறன் மகள்" என்றேன். "நடந்தா நாலு மணி போயிரும். இருங்க" என்றாள். தூரத்தில் காற்றாலைகள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருந்தன. "அந்தா மொதலாவது காத்தாடி, அது வரைக்கும் போறோம்" என்றாள். அதைக் கடந்ததும் "அடுத்தது வரைக்கும்" என்றாள். எங்களைப் போகவிடாமல் தள்ளும் அதே காற்றுத்தான் அவ்வளவு பெரிய இறக்கைகளைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிற காற்றுக்கு எதிராக ஒரு பிள்ளை என்னை இழுத்துக்கொண்டு போகிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

வோட்டு நாள் என்பதால் ரோட்டில் வாகனமில்லை. கொஞ்ச நேரத்தில் சைக்கிள் சாய்வதை உணர்ந்தேன். விழப் போகிறோம் என்று இறுக்கிப் பிடித்தேன். விழவில்லை. அந்தக் கரைக்குச் சாய்ந்து போனாள், பிறகு இந்தக் கரைக்கு. நான் கேட்டேன், "இது ஆரு சொல்லித் தந்த?" மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒருத்தருமில்ல. இப்படிப் போனாத்தான் போகுது" என்றாள். அவள் பிறக்கு முன்னரே மௌத்தாகிப் போனவர் உன் வாப்பா. ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல் அவருடைய வள்ளம் திரும்பவும் ரோட்டில் போனது. அந்த நேரம் நீ பாரில் இருந்து கத்தியது என் காதில் கேட்டது என்று சொன்னால் நீ நம்ப வேண்டும்.

தலவிலச் சந்திக்குக் கிட்ட செயின் கழன்றது. தரையில் குந்தி அதை மாட்டினாள். கையெல்லாம் கறுப்பு, நெற்றியிலும் கறுப்பு. அப்போதுதான் பின்னால் ஹோன் சத்தம் கேட்டது. நவ்பரின் வேன், கடைசிச் சுற்று ஆட்களோடு. கண்ணாடியை இறக்கிக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள்.

"மூத்தம்மா, டிக்கட் எவ்வளவு?"

"புள்ள, கெழவிக்கு வோட்டு, ஒனக்கு ஆஸ்பத்திரி."

ஒரு பெண்பிள்ளை மட்டும் பகிடி இல்லாமல், "ஏறுங்க மூத்தம்மா, அந்தப் புள்ளக்கி மூச்சு முட்டுது" என்றாள். உண்மையைச் சொல்கிறேன் மகள், ஏறத்தான் நினைத்தேன். எனக்காக இல்லை, அவளுக்காக. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்க ஏறுறெண்டா ஏறுங்க உம்மும்மா. நான் பின்னால வாறன்" என்றாள். கோபத்தில் சொன்னது இல்லை. என் வோட்டு என்னுடையது, எப்படிப் போவது என்பதும் என்னுடையது என்று எனக்கே விட்டாள். இந்த வயதுவரை என்னை எவரும் அப்படி விட்டதில்லை, என் வாப்பாவும் இல்லை, உன் வாப்பாவும் இல்லை. நான் தலையணையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பவும் கரியரில் உட்கார்ந்தேன். வேன் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்த வெளிதான் ஆகப் பெரிய வெளி. பெடலில் ஏறி நின்று மிதித்தாள். சைக்கிள் நடக்கிற வேகத்துக்குக்கூடப் போகவில்லை. அவள் முதுகு நடுங்கத் தொடங்கியது என் கைக்குத் தெரிந்தது. இனி முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்கும் தெரிந்திருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு ஓதினேன். திடீரென்று காதுக்குள் இருந்த இரைச்சல் நின்றது. கண்ணைத் திறந்தால் காற்று இல்லை. எங்களுக்கு வலப்பக்கத்தில், கடல் பக்கத்தில், ஒரு வெள்ளைச் சுவர் எங்களோடு கூடவே ஊர்ந்து வந்தது. முன்னால் போன நவ்பர் வேனை நிறுத்தி, எங்களை வரவிட்டு, காற்றை மறித்துக்கொண்டு பக்கத்தில் மெதுவாக ஓட்டினான். உன் மகள் ஒரு மிதி மிதித்தாள், சைக்கிள் தண்ணீரில் போவதுபோல வழுக்கிப் போனது.

உள்ளே இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். "நவ்பர், நாலாகப் போகுது, என்ன பண்றீங்க?"

"எஞ்சின் சூடாகியிருக்கு" என்றான். எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை, ரோட்டைப் பார்த்தே ஓட்டினான். ஏறு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்தப் பெண்பிள்ளைதான் கதவைத் திறந்து போனில் படம் எடுத்தாள். நீ பார்த்தது அந்த வீடியோ. அதில் என் கண் விழித்திருப்பதைப் பார்த்துப் பயம் என்றாய். அது பயமில்லை மகள். உன்னை முதன்முதலில் என் மடியில் வைத்தார்களே, அன்றைக்கு எவராவது படம் எடுத்திருந்தால் அதிலும் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

வளைவில் வேன் நின்றது. இந்த முறை எவரும் எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்க நேரமிருக்கவில்லை. வேனில் வந்தவர்களும் நாங்களும் ஒன்றாகத்தான் ஓடினோம். கேற்றில் நின்ற பொலிஸ்காரர் கையைக் காட்டி, "இக்மனட்ட, இக்மனட்ட" என்று சிங்களத்தில் அவசரப்படுத்தி உள்ளே விட்டார். எங்களுக்குப் பிறகு கேற்றை மூடினார்.

வகுப்பறையில் என் பெயரை வாசித்தார்கள். அதை இங்கே எழுதமாட்டேன், உனக்குத் தெரியும், அது காதால் கேட்க வேண்டிய பெயர். வாசித்தவர் சிங்களவர், ஒவ்வோர் எழுத்தையும் கால் வைத்துப் பார்த்து நடப்பதுபோல மெதுவாக வாசித்தார். இந்த முறையும் நான் "இருக்கிறேன்" என்றேன். அடுத்து ரிஸ்னாவின் பெயர் வர வேண்டும். ஆனால் அவர் வரி பிடித்து வாசிக்க வைத்திருந்த அடிமட்டக் கோல் இடாப்பில் எங்கள் இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு வரியில் நின்றது. உன் பெயர், மகள். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்ட உம்மா. குவைத்ல" என்றாள் ரிஸ்னா. அவர் அடிமட்டத்தைக் கீழே நகர்த்தி அவள் பெயரை வாசித்தார். கறுப்புப் பூசிய நெற்றியோடு நிமிர்ந்து நின்று, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இருக்கிறேன்" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சின்ன விரலில் மை பூசினார்கள்.

அவள் யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. என் கை நீளத்துக்கு இருந்த சீட்டில் நான் எங்கே புள்ளடி போட்டேன் என்று அவளும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது காற்று முதுகில். அவள் பெடலில் இருந்து இரண்டு காலையும் எடுத்துவிட்டாள், சைக்கிள் தானாக ஓடியது. என் சாரித் தலைப்பு அவிழ்ந்து முன்னால் பறந்து அவள் முகத்தை மூடியது. "உம்மும்மா, பாய இறக்குங்க, ரோட்டு தெரியல்ல" என்று கத்தினாள். அப்படி நான் சிரித்து எத்தனை காலம்.

அடுத்த நாள் நவ்பர் படலையில் வந்து என் முழங்கால் எப்படி என்று விசாரித்தான். தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையை வாங்கிய கையைப் பார்த்தேன், மற்றக் கையையும் பார்த்தேன். சின்ன விரலில் மை இல்லை. அவனுடைய வோட்டு இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். கடைசிச் சுற்று முடித்துவிட்டு வந்து போட நினைத்திருந்திருக்கிறான். "ஒங்கட வோட்டு?" என்று கேட்டேன். "எஞ்சின் சூடாகிட்டே மூத்தம்மா" என்றான். அதற்கு மேல் கதைக்கவிடாமல், தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டது என்று குறை சொல்லத் தொடங்கினான். அவனுக்காக அன்றிரவு துஆ கேட்டேன். நீயும் கேள்.

நீ பயந்தது என் இடுப்புக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். சம்மாட்டியார் என்ன நினைப்பார், உன் மாப்பிள்ளையின் வேலைக்கு என்ன வரும் என்றும் பயந்தாய். இதுவரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நானே போய்ச் சொல்வேன், நாங்கள் வேண்டாம் என்றது வேனைத்தான், அவரை இல்லை என்று. உழைப்பை அவருக்குக் கொடுக்கிறோம், அதில் குறை வைத்ததில்லை. பயம் நல்லதுதான், கடலுக்குப் போகிறவர்களின் வீட்டில் பயம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் பயத்தை வைத்து வள்ளத்தைக் கட்டிப் போடலாமே தவிர, ஓட்ட முடியாது. அந்தச் சைக்கிளை நீ முதல் முறை லீவில் வந்தபோது புத்தளத்தில் இருந்து நீயே வாங்கி, பஸ்ஸின் கூரையில் கட்டிக் கொண்டுவந்தாய். உன் உழைப்பு அது. அங்கே உன்னை வேறு ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டுச் சிரித்தாய், நானும் சிரித்தேன், போனை வைத்தபிறகு சிரிக்கவில்லை. உன் பெயர் இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பத்திரமாக இருக்கிறது. அதை வாசிக்க ஒரு நாள் வரும். அன்றைக்கு நீ வரிசையில் நிற்க வேண்டும், இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். எப்படிப் போவது என்று யோசிக்காதே. கரியருக்குப் பழைய சாரித் துணியில் ஒரு மெத்தை தைத்திருக்கிறேன், உன் அளவுக்கும் போதும்.

முடிவு உன்னுடையது, நான் பறிக்கவில்லை. அவள் எனக்கு விட்டதுபோல நானும் உனக்கு விடுகிறேன். ஆனால் உன் முடிவு குவைத்தில் இருந்து வரும்வரை இந்த வீட்டுக்கு மூத்தவள் நான். இன்று காலையிலும் பஸ் வரவில்லை. சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டேன். வாங்கியவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், இப்போது குசினிக்குப் பின்னால் செயினுக்கு எண்ணெய் போடும் சத்தம் கேட்கிறது. நான் இந்தக் கடிதத்தை மடிக்க வேண்டும். கல்பிட்டித் தபால் கந்தோரில் போட அவள்தான் கொண்டு போகிறாள், சைக்கிளில்.

உன் உம்மா